பகிடியும் காமெடியும்

ஒரு சிரிப்புப் படத்தை முதல்முறை பார்ப்பது ஒரு அனுபவம். கதையும் வசனமும் மனப்பாடமான பிறகு, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தே அதைப் பார்த்துச் சிரிப்பது இன்னொரு அனுபவம். இந்த இரண்டாவது சிரிப்புதான் ஒரு படத்தை வீட்டுச் சொத்தாக்குகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் இந்த வழக்கம் வேரோடியிருக்கிறது. அது வேரோடிய வழி மட்டும் வேறு. தமிழகத்தில் சிரிப்பு திரையில் பிறந்தது. பிறகு படத்திலிருந்து கழன்று ஒலிநாடாவிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் தனித்து வாழத் தொடங்கியது. இலங்கைத் தமிழரிடம் அது முதலில் குரலாகப் பிறந்து, வானொலியில் வளர்ந்து, அதன் பிறகே திரைக்குப் போனது. ஒரே பொருளுக்கு இரு சொற்கள் வழங்குவதும் இதனால்தான். தமிழக ரசிகருக்கு அது ‘காமெடி’. யாழ்ப்பாணத்தவருக்குப் ‘பகிடி’. காமெடியைப் ‘போடு’ என்பார்கள், பகிடியை ‘விடு’வார்கள். முன்னது இயந்திரத்தில் ஓடவிடும் பொருள், பின்னது வாயிலிருந்து வரும் பேச்சு.

இந்த இரண்டு வழிகளும் சந்தித்த ஊர்களுள் ஒன்று, கொல்லிமலையின் அடிவாரத்தில் துறையூர்ப் பக்கம் இருக்கும் புளியஞ்சோலை. மலையிலிருந்து இறங்கும் அய்யாறு பாறைகளுக்கிடையே ஓடிவரும் இடம் அது. ஆடிப்பெருக்கிலும் விடுமுறை நாட்களிலும் நாட்டாமடுவில் குளிக்கச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். ஊருக்கு மேற்கே மலைச்சுவர். கிழக்கும் தெற்கும் சமவெளி. திருச்சி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். படம் பார்க்கத் துறையூருக்குப் போக வேண்டும் என்ற நிலையில் இருந்த இத்தகைய அடிவாரக் கிராமங்களுக்கு வானொலிப் பெட்டிதான் அன்றாடக் கொட்டகை. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. அதோடு சிலோன் ரேடியோவும் கடல் கடந்து இந்தப் பகுதிகளில் தெளிவாகக் கேட்டது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைச் சுருக்கியபோது தமிழக நேயர்கள் பெருந்தொகையாகக் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். ஆகவே கொல்லிமலைச் சாரலில் ஒரு தலைமுறை, தமிழகப் படங்களின் சிரிப்பைக்கூட ஓரளவு இலங்கை அறிவிப்பாளர்களின் குரல்வழியே அறிந்தது. கே. எஸ். ராஜா போன்றவர்கள் புதுப் படங்களின் வசனத் துணுக்குகளை இடையிடையே செருகி அறிமுகப்படுத்திய விதம், படம் ஊருக்கு வருமுன்பே அதன் நகைச்சுவையை ஊருக்குள் கொண்டு வந்துவிடும்.

தமிழ்த் திரையில் நகைச்சுவை முதலிலிருந்தே தனித் துண்டாக வளர்ந்தது. பேசும் படம் தொடங்கிய 1930களில் முழுநீளப் படத்தோடு சேர்த்துக் குறுநகைச்சுவை ஒன்றையும் காட்டும் பழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட துண்டுகளைக் கோத்துக் கட்டிய ‘சிரிக்காதே’ 1939இல் வந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் தங்கள் பகுதியைத் தாமே யோசித்து, தாமே வசனமும் பாட்டும் அமைத்து, முடிந்த பண்டமாகப் படத்துக்குள் கொண்டு வந்து வைத்தார்கள். கதாநாயகனின் கதை ஒரு பக்கம் ஓட, கலைவாணரின் கதை அதைத் தொட்டும் தொடாமலும் இன்னொரு பக்கம் ஓடும். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. நகைச்சுவை கதையோடு ஒட்டவில்லை என்பது பழைய விமர்சனம். ஆனால் ஒட்டாமல் இருந்ததால்தான் அது பிய்த்தெடுக்க எளிதாயிற்று. பிற்காலத்தில் ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் வந்தபோது வெட்டுவதற்கான கோடு ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது போலத் தயாராக இருந்தது.

இதற்கு விதிவிலக்காக, தொடக்கம் முதல் முடிவு வரை நகைச்சுவையாகவே ஓடும் படங்களும் உண்டு. அவற்றில் மூத்தவற்றுள் ஒன்று 1941இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த ‘சபாபதி’. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. பணக்கார மண்டு சபாபதியாக டி. ஆர். ராமச்சந்திரனும், அதே பெயருள்ள வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதால் எல்லாவற்றையும் கெடுக்கும் வேலைக்காரன் தமிழ் மேடைக்குப் புதியவனல்ல. திரையில் அவன் நிலைத்து நின்றதற்குக் காரணம் ரத்தினத்தின் முகத்தில் இருந்த முழு நம்பிக்கை. தான் தவறு செய்கிறோம் என்ற ஐயம் அந்த முகத்தில் ஓர் இடத்திலும் வருவதில்லை. எண்பது ஆண்டுகள் கடந்தும் இந்தப் படம் சிரிக்க வைக்கிறது என்றால் அந்த முகம்தான் காரணம்.

1959இல் ஸ்ரீதரின் ‘கல்யாணப்பரிசு’ ஒரு சோகக் காதல் கதை. அதற்குள் சித்ராலயா கோபு எழுதிய தங்கவேலுவின் பகுதி மட்டும் இன்றும் தனியாக உயிரோடிருக்கிறது. வேலையே இல்லாதவன் மனைவியிடம் தான் ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில் மேலாளர் என்று கதைவிடுகிறான், எழுத்தாளர் பைரவன் என்றும் வேடம் கட்டுகிறான். பெயர்ப்பலகை மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத எந்த நிறுவனத்துக்கும் தமிழகத்தில் இன்று அந்தப் பெயர்தான். படத்தைப் பார்த்திராதவர்களும் சொல்கிறார்கள். ‘அறிவாளி’ (1963) படத்தில் தங்கவேலுவும் முத்துலட்சுமியும் பூரி சுடும் காட்சியும் இதே வகையில் தனித்து வாழ்வது. பூரி எப்படிச் செய்வது என்று கணவன் படிப்படியாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படிக்கும் தனக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று மனைவி மறுமொழி சொல்லிக்கொண்டே போவாள். எண்ணெய்ச் சட்டி, மாவு, கணவனின் பசி, மனைவியின் வீறாப்பு, அவ்வளவுதான் பொருள்கள். சமையலறையில் எல்லார் வீட்டிலும் நடப்பது என்பதால் பெண்கள் இந்தக் காட்சியை ஆண்களைவிட நுட்பமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) தமிழ் நகைச்சுவைப் படங்களின் உச்சம் என்று சொல்வதில் பெரும்பாலான ரசிகர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஸ்ரீதர் இயக்கியது, கோபு உடன் எழுதியது. ஆழியாறு அணைப் பகுதியில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ், பணம் இருந்தும் தர மனமில்லாத அப்பாவாக டி. எஸ். பாலையா. மகன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தமிழகத்தில் அறியாத குடும்பம் அரிது. காட்சியில் இடமாற்றம் இல்லை, ஓட்டம் இல்லை. நாகேஷ் காற்றின் ஓசையையும் கதவின் கிறீச்சையும் காலடிச் சத்தத்தையும் வாயாலேயே எழுப்புகிறார். பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. சிரிப்பு இருவரில் யாரிடம் பிறக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாலையாவின் பயம் இல்லாவிட்டால் நாகேஷின் ஓசைகள் வெறும் ஓசைகள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பாதிச் சிரிப்பு வந்துவிடும் என்பதால் வானொலி நேயருக்கும் இது பிடித்தது. இலங்கையில் இந்தப் படத்துக்கு இருக்கும் நீடித்த அன்புக்கும் இந்த ஓசை நகைச்சுவை ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1980களில் துண்டு என்ற அமைப்பு முழுவடிவம் பெற்றது. ‘காமெடி டிராக்’ எழுதுவதே தனித் தொழிலாயிற்று. அதில் தலையானவர் ஏ. வீரப்பன். கவுண்டமணி, செந்தில் இணை ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு மாறாத உறவோடு போய்வந்தது: அதட்டும் அண்ணன், அதட்டலுக்கு அசையாத தம்பி. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் சைக்கிள் கடைக்காரர் ஆல் இன் ஆல் அழகுராஜா பெட்ரோமாக்ஸ் விளக்கை விளக்கும் காட்சியை நகரத்துப் பார்வையாளர் ஒரு கோமாளித்தனமாகப் பார்த்துச் சிரிக்கலாம். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்துப் பழகிய அடிவாரக் கிராமத்தவருக்கு அந்தச் சிரிப்பில் கூடுதல் நுட்பம் உண்டு. எரிந்த மேண்டில் வெறும் சாம்பல் வலை என்பதும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும் என்பதும், அதைத் தொடக்கூடாது என்று சிறுவர்களை எத்தனை முறை விரட்டியிருக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியும் அப்படியே. இரண்டு பழம் வாங்கச் சொல்லி அனுப்பியவரிடம் ஒன்றை நீட்டி, மற்றது எங்கே என்றால் அதுதான் இது என்று கலங்காமல் சொல்லும் தர்க்கத்தில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது. கவுண்டமணியின் கோபம் அந்த ஓட்டையில்லாத சுவரில் மோதி மோதித் திரும்புவதுதான் நகைச்சுவை.

இக்காலத்திலிருந்து ரசிகர்கள் படத்தின் பெயரைக் கேட்பதைவிட நடிகரின் பெயரைச் சொல்லிக் கேட்கும் பழக்கம் வலுத்தது. ‘கவுண்டமணி காமெடி’, ‘வடிவேலு காமெடி’, ‘விவேக் காமெடி’ என்று ஒலிநாடாவும் பின்னர் குறுந்தகடும் விற்றன. கதைநாயகன் யார், இயக்குநர் யார் என்பது அந்த உறையில் இருக்காது. முழுப்படமாக நேசிக்கப்படுபவை வேறொரு வரிசை: ‘காசேதான் கடவுளடா’ (1972), ‘தில்லு முல்லு’ (1981), கிரேசி மோகன் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘பஞ்சதந்திரம்’ (2002). இவற்றில் சிரிப்பு கதையின் முடிச்சிலேயே இருப்பதால் துண்டாக வெட்டினால் பாதி போய்விடும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் காமேஸ்வரனின் கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் இடம்கூட, முழுப்படத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாகச் சுவைக்கும். இந்த இரண்டாம் வரிசைப் படங்களுக்குத் தீவிர ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒரு வரி விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ஊர்ப்பொதுச் சொத்தாக ஆனவை துண்டுகள்தான்.

ஊரில் அவை பரவிய வழியும் பொதுவழிதான். திருவிழாவிலும் காதுகுத்திலும் ‘மைக் செட்’ கட்டியதும் முதலில் பக்திப்பாட்டு, பிறகு புதுப்பாட்டு, உச்சிவெயிலில் கூட்டம் சோர்ந்தால் ‘திருவிளையாடல்’ (1965) வசனம் என்று ஒரு வரிசை இருந்தது. தருமியாக வரும் நாகேஷ் தனியே புலம்பும் பகுதியும் சிவபெருமானோடு கேள்வி பதிலாடும் பகுதியும் பந்தலில் இலை போடும் நேரத்தில் குழாய் வழியே ஊர் முழுக்கக் கேட்கும். அகில இந்திய வானொலி ஒரு முழுப்படத்தை ஒரு மணி நேர ‘ஒலிச்சித்திர’மாகச் சுருக்கி ஒலிபரப்பியது. இதற்குப் பின் ‘டெக்’ எனப்பட்ட வீடியோ கருவி வந்தது. வாடகைக்குத் தொலைக்காட்சியும் டெக்கும் எடுத்து விடியவிடிய நான்கு படம் போட்டால், அதில் ஒன்று கட்டாயம் சிரிப்புப் படமாக இருக்கும். அதுவும் நள்ளிரவுக்குப் பின், தூக்கம் கலைக்க. 1993இல் சன் டிவியும் 2009இல் முழுநேர நகைச்சுவை அலைவரிசையான ஆதித்யாவும் வந்த பிறகு காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. புளியஞ்சோலைக்கு வேன் பிடித்து வரும் குடும்பங்கள் வழியெல்லாம் பார்த்து வருவதும் பெரும்பாலும் இந்தத் துண்டுகளைத்தான்.

இலங்கையில் தமிழ்த் திரைப்படத்துக்கு இந்த அடித்தளம் இருக்கவில்லை. அங்கே எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படமான ‘சமுதாயம்’ 1962இல்தான் வந்தது. அதன் பின் இருபது ஆண்டுகளில் வெளிவந்தவையும் மிகச் சிலவே. சிறிய சந்தை, இந்தியப் படங்களின் போட்டி, மூலதனமின்மை ஆகியவை காரணங்கள். இந்தியப் படங்கள் தாராளமாக வந்துகொண்டிருந்த நிலையும் 1970களில் மாறியது. அரசு திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபின் வரவு குறைந்தது. யாழ்ப்பாணத்தில் வின்சர், ராணி, மனோகரா போன்ற தியேட்டர்கள் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டின. இதனால் பழைய இந்தியப் படங்களின் நகைச்சுவை அங்கே மேலும் ஆழமாகப் படிந்தது என்று சொல்லலாம். நாகேஷையும் தங்கவேலுவையும் யாழ்ப்பாணத்து முதியவர்கள் அறிந்திருக்கும் அளவுக்குத் தமிழகத்தில் அதே வயதினர் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. எனினும் அது அடுத்த ஊர்த் தமிழ். மதுரையும் கோயம்புத்தூரும் பேசும் தமிழைக் காது பழகிக்கொண்டதே தவிர, அது தன் வாயில் வரும் தமிழாக இருக்கவில்லை.

தன் வாயில் வரும் தமிழுக்கு இலங்கையர் வானொலியை நாடினார்கள். 1949இல் ரேடியோ சிலோன் என்றும் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றும் பெயர்பெற்ற நிலையத்தில், ‘சானா’ என்று அறியப்பட்ட சண்முகநாதன் நாடகங்களை வளர்த்தெடுத்தார். அவருடைய ‘லண்டன் கந்தையா’வும், எழுத்தாளர் இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ தொடரும் யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே ஒலிபரப்பிக் காட்டின. வானொலியில் செந்தமிழ்தான் பேச வேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில் அது பெரிய துணிவு. தன் அயல்வீட்டு விதானையார் பேசுவது போலவே பெட்டிக்குள் ஒருவர் பேசக் கேட்ட மகிழ்ச்சியே முதல் சிரிப்பு; பகிடி அதற்குப் பிறகுதான். பின்னாளில் எஸ். யேசுரட்ணத்தின் ‘முகத்தார்’ பாத்திரமும் இதே வழியில் வீடுகளுக்குள் புகுந்தது. இரவுக் காட்சிக்குத் தியேட்டர் போக முடியாத பெண்களும் முதியவர்களும் இந்த நாடகங்களுக்கு ஆண்களுக்குச் சமமான நேயர்களாக இருந்தார்கள். திரைப்படம் எளிதில் தராத சமத்துவம் அது.

இந்த மரபின் முழுமலர்ச்சி, வர்த்தக சேவையில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’. எழுதியவர் எஸ். ராமதாஸ். நான்கு பேர், நான்கு வகைத் தமிழ். ராமதாஸே இலங்கை முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார். டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. செல்வசேகரன் சிங்களச் சாயலோடு தமிழ் பேசும் உபாலி. பி. எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழ் பேசும் ஐயர். நால்வரும் கூடினால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு வேறொன்றாகக் கேட்கும். அந்தக் கேட்பிழையிலிருந்து சண்டை, சண்டையிலிருந்து சமாதானம். வானொலியில் முகம் தெரியாது என்பதால் ஆளை அடையாளம் காட்டுவது பேச்சின் சாயல் ஒன்றே. ஒரு தொழில்நுட்பத் தேவை இங்கே அழகியல் ஆகிவிட்டது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: முஸ்லிம் மரிக்காராக நடித்தவர் முஸ்லிம் அல்லர், ஐயராக நடித்தவர் முஸ்லிம். ஒவ்வொருவரும் அடுத்தவருடைய தமிழை அன்போடு கேட்டுக் கற்று, அதையே தம் பெயராக்கிக்கொண்டார்கள்.

1976இல் இதுவே எஸ். இராமநாதன் இயக்கத்தில் ‘கோமாளிகள்’ என்ற படமாயிற்று. குரலை நேசித்த மக்கள் முகங்களைப் பார்க்கத் தியேட்டருக்குத் திரண்டார்கள். இலங்கைத் தமிழ்ப் படங்களில் மக்கள் வரவேற்பு பெற்ற மிகச் சிலவற்றில் அது ஒன்று. 1978இல் அதே குழுவினரின் ‘ஏமாளிகள்’ வந்தது. தமிழகத்தில் படத்தின் வசனத்தை வெட்டி ஒலிநாடாவாக விற்றார்கள் என்றால், இங்கே வானொலி வசனத்துக்கு முகமும் இடமும் தேடிப் படமெடுத்தார்கள். திசை நேர்மாறு. இதன் விளைவு படத்திலும் தெரியும். ‘கோமாளிகள்’ கண்ணுக்கான நகைச்சுவைகளைப் பெரிதாகத் தேடுவதில்லை. பாத்திரங்கள் நின்று பேசுகிறார்கள், பேச்சே காட்சி. திரைக்கலையின் அளவுகோலில் இது குறைதான். ஆனால் அந்தப் படத்தை நேசிப்பவர்கள் நேசிப்பது திரைக்கலைக்காக அல்ல. நால்வரின் தமிழும் ஒரே அறையில் ஒலிப்பதற்காக.

பேச்சே காட்சி என்பதற்கு இன்னும் தூய சான்று கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைட்’. தனி ஒருவர் மேடையில் பேருந்து நடத்துநராக நின்று, ஏறுபவர், இறங்குபவர், சண்டை பிடிப்பவர், மிச்சக்காசு கேட்பவர் எல்லாரையும் தன் பேச்சாலேயே பேருந்துக்குள் நிரப்பிவிடுவார். பிற பயணிகளின் பதில்கள் கேட்பதில்லை. நடத்துநர் அவற்றுக்குக் கொடுக்கும் மறுபதிலிலிருந்து நேயரே அவற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். மேடையிலும் வானொலியிலும் ஒலிநாடாவிலும் யாழ்ப்பாண வீடுகளில் இது ஓர் ஊர்ப்பாடமாகவே ஆயிற்று. பாலச்சந்திரன் ‘வாடைக்காற்று’ (1978) போன்ற படங்களிலும் நடித்தார். ஆனால் அவரை மக்கள் நினைவில் நிறுத்தியது அந்த ஒற்றைக் குரல்தான். தமிழகத்தில் இதற்கு நேரிணையாக ஒன்றைக் காட்டுவது கடினம். மேடையில் தனிநடிப்பு அங்கும் உண்டு. ஆனால் அது திரையின் நிழலிலேயே நின்றது, திரைநடிகரைப் போலப் பேசிக் காட்டும் மிமிக்ரியாகப் போயிற்று.

இரு நாட்டிலும் ரசிகர்களின் அன்பு நடிகரின் பெயரையே மாற்றி எழுதியது என்பது ஒரு பொதுத்தன்மை. தமிழகத்தில் டணால் தங்கவேலு, என்னத்த கண்ணையா, வெண்ணிற ஆடை மூர்த்தி. இலங்கையில் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன். கூர்ந்து பார்த்தால் இதிலும் ஒரு வேறுபாடு தெரிகிறது. தமிழகத்தில் முன்னொட்டாவது ஒரு சொல், ஓர் ஓசை, ஒரு படத்தின் பெயர் என்று பலவகை. இலங்கையில் முன்னொட்டாவது பாத்திரத்தின் பெயர், அதாவது ஒரு சமூகத்தின் பேச்சை ஏற்று வாழ்ந்த ஆளின் பெயர்.

ஒருவர் தமிழை இன்னொருவர் எப்படிக் கேட்டார் என்பதிலும் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இலங்கையர் தமிழகத்தின் வட்டார வழக்குகளைப் படம் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். தமிழகப் பார்வையாளருக்கு ஈழத்தமிழ் திரையில் அரிதாகவே கேட்டது. கமல்ஹாசன் ஈழத்தமிழ் பேசி நடித்த ‘தெனாலி’ (2000) அந்தத் தமிழைப் பெரும் கூட்டத்தின் முன் வைத்தது. கிரேசி மோகன் வசனம், கே. எஸ். ரவிகுமார் இயக்கம், அப்துல் ஹமீதும் அதில் தோன்றினார். எல்லாவற்றுக்கும் அஞ்சும் அந்தப் பாத்திரத்தின் நீண்ட பயப்பட்டியல் தமிழகத்தில் மனப்பாடமான நகைச்சுவையாயிற்று. ஆனால் அச்சத்துக்கு உண்மையான காரணமுள்ள ஒரு மக்களின் பேச்சு, அச்சத்தைக் கேலிசெய்யும் படத்தில் முதன்முதலாகப் பரவலானது சற்று நெருடுவதே. ‘கோமாளிக’ளில் நான்கு தமிழில் எதுவும் இயல்பு, எதுவும் விகாரம் என்று இல்லை. ‘தெனாலி’யில் சுற்றிலும் இயல்புத்தமிழ், நடுவில் ஒன்று மட்டும் வேறு. கமலின் உழைப்பும் காது நுட்பமும் போற்றத்தக்கவை. படத்தின் அமைப்புதான் அந்தப் பேச்சைத் தனிமைப்படுத்தியது.

இரு கரைக்கும் பொதுவான கலைஞர் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜே. பி. சந்திரபாபு. தூத்துக்குடியில் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட தந்தை நாடு கடத்தப்பட்டதால் குடும்பம் கொழும்புக்குப் போக, அங்கே படித்து வளர்ந்தவர். 1940களில் சென்னைக்குத் திரும்பினார். தொண்டைக்குள் குரலை உடைத்து ஏற்றி இறக்கும் மேல்நாட்டுப் பாட்டு முறையைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். கொழும்பு இளமை அவருடைய காதுக்குத் தந்தது எவ்வளவு என்பதை அளந்து காட்ட முடியாது. துறைமுக நகரத்தின் பலமொழி ஓசை அவர் பேச்சிலும் நடையிலும் இருந்தது என்பதைப் படங்களே காட்டும். எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொரொந்துவ’ தமிழகத்தில் எடுக்கப்பட்டது, தயாரித்தவர் எஸ். எம். நாயகம். அதில் எடி ஜயமான்ன மேடையிலிருந்து கொண்டுவந்த நகைச்சுவைப் பாத்திரம் சிங்களத் திரையின் சிரிப்பு மரபுக்கு முதல் கல்.

பார்க்கும் முறையில் 1980களில் இரு பக்கமும் சற்று நெருங்கி வந்தன. 1982இல் ரூபவாஹினி தொடங்கியதும் தமிழகத்தின் கரையோர, டெல்டா மாவட்டங்களில் உயரக் கம்பம் நட்டு அதைப் பிடித்துப் பார்த்தார்கள். பின்னர் கொடைக்கானல் கோபுரம் வந்தபின் யாழ்ப்பாணத்தில் தூரதர்ஷன் தெரிந்தது. யாழ்ப்பாணத்திலும் டெக் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் போட்டார்கள். ‘மினி சினிமா’க்கள் முளைத்தன. பிறகு போர் இந்த ஒப்புமையை முறித்தது. 1990களில் வடக்கில் மின்சாரம் இல்லை. சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி டைனமோவில் வானொலியையும் ஒலிநாடாவையும் கேட்ட காலம் அது. ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள்; மிதி தளர்ந்தால் நாகேஷின் குரலும் இழுபட்டுத் தடித்துப் போகும். தமிழக ரசிகர் தொலைக்காட்சித் துண்டுகளுக்கு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து ரசிகர் மறுபடியும் வெறும் குரலுக்குத் திரும்பியிருந்தார்.

இழப்பிலும் வேறுபாடு பெரிது. தமிழகத்தில் பழைய மௌனப் படங்களும் தொடக்ககாலப் பேசும்படங்களும் அழிந்தாலும், 1950களுக்குப் பிந்திய நகைச்சுவையில் பெரும்பகுதி தொலைக்காட்சியில் அன்றாடம் கிடைக்கிறது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. தமிழ்த் திரைத்துறை அதிலிருந்து மீளவில்லை. இதனால் இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றிய ரசனை பெரும்பாலும் நினைவிலிருந்து பேசும் ரசனையாகவே இருக்கிறது. பார்த்தவர் பார்க்காதவருக்கு நடித்துக் காட்டுகிறார். மரிக்காரின் குரலில் ஒருவர் தொடங்க, அப்புக்குட்டியின் குரலில் இன்னொருவர் மறுமொழி சொல்கிறார். படம் இல்லாத இடத்தில் ரசிகரே படமாகிறார்.

தமிழகத்தில் துண்டாக்கும் வழக்கம் இணையத்தில் இன்னும் ஒரு படி போயிற்று. காட்சி ஓட வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு நிழற்படம் போதும். வடிவேலுவின் முகம் இதற்குப் பிறந்தது போல அமைந்தது. வீறாப்பு, சந்தேகம், அடி வாங்கப்போகும் முன் வரும் அசட்டுச் சிரிப்பு, அடி வாங்கிய பின் வரும் தத்துவ அமைதி என்று ஒவ்வொன்றும் ஒரு சட்டகத்தில் நிற்கும். மீம்ஸ் செய்பவர்கள் இவற்றை ‘டெம்ப்ளேட்’ என்கிறார்கள். ‘வின்னர்’ (2003) படத்தின் கைப்புள்ளயும் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யும் (2006) அரசியல் விமர்சனத்துக்கே சொற்களஞ்சியம் தந்தன. 2019 மே மாத இறுதியில், பொறியியல் மாணவர்களுக்கான ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு அதன் பெயர் என்ன என்று கேட்க, தமிழர் ஒருவர் ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலை நினைவுபடுத்தினார். அடுத்த சில மணி நேரங்களில் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் குறிச்சொல் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. பதினெட்டு ஆண்டு பழைய ஒரு காட்சியை ஒரு மொழிக்குழு முழுவதும் ஒரே நேரத்தில் நினைவுகூர முடிந்தது என்பதே இதில் வியப்பு.

இலங்கை ரசிகர்களும் இந்த வடிவேலு முகங்களைத் தங்கள் அரசியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் விலைவாசிக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். படம் தமிழகத்தது, கீழே எழுதும் வரி யாழ்ப்பாணத்தது, மட்டக்களப்பினது, மலையகத்தது. ‘பகிடி’க்கும் அதன் இணைச்சொல்லான ‘பம்ப’லுக்கும் உரிய பேச்சு வடிவேலுவின் முகத்துக்குக் கீழே வந்து பொருந்தும்போது, குரலில் தொடங்கிய வழியும் திரையில் தொடங்கிய வழியும் ஒரே சட்டகத்தில் அமர்ந்துவிடுகின்றன. வானொலி நாடகங்களின் பழைய பதிவுகளும் இன்று இணையத்தில் ஆங்காங்கே ஏறிவருகின்றன. சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த திருச்சி, சேலம், நாமக்கல் மாவட்ட முதியவர்களுக்கும் அவை எட்டுகின்றன. முன்பு கடல் தாண்டி இரைச்சலோடு கொல்லிமலைச் சாரலுக்கு வந்துசேர்ந்த அதே குரல்கள், இப்போது இரைச்சல் இல்லாமல் கைப்பேசியில் கேட்கின்றன.